பெயர்வழிப் பரவிய மருத்துவம்: குழந்தைகளின் ஒவ்வாமைத் தோலழற்சியில் கூருணர்வு நீக்க ஊசியின் வரலாறு (1911–2023)

ஆய்வுச்சுருக்கம்

ஒவ்வாமையைத் தூண்டும் பொருளையே மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டித் தோலுக்கடியில் செலுத்தி, உடலை அதற்குப் பழக்குவது கூருணர்வு நீக்க மருத்துவம். 1911இல் இலண்டனில் வைக்கோல் காய்ச்சலுக்கெனத் தோன்றிய இம்முறை பின்னர்க் குழந்தைகளின் ஒவ்வாமைத் தோலழற்சிக்கும் கையாளப்பட்டது. மூக்கின் நோய்க்குப் பிறந்த ஊசி குழந்தையின் தோல் நோய்க்கு வந்து சேர்ந்ததற்கு அடிப்படையாக இருந்தது சோதனைச் சான்றா, நோய்களை ஒரே பெயரில் அடக்கிய வகைப்பாடா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1923இல் உருவான ‘அட்டோபி’ எனும் பெயரும், அதிலிருந்து 1933இல் கிளைத்த நோய்ப்பெயரும் சிகிச்சைக்கு வழிவிட்டன என்பதும், குழந்தைகளிடம் முறையான சோதனை மிகக் காலந்தாழ்ந்தே நிகழ்ந்தது என்பதும் இதன் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: ஒவ்வாமை, அட்டோபி, தோலழற்சி, கரப்பான், கூருணர்வு நீக்கம், வீட்டுத்தூசி உண்ணி, மருந்துப்போலி, மருத்துவ வரலாறு

முன்னுரை

நோய்க்குப் பெயரிடுதல் மருத்துவத்தின் முதற்பணி. பெயரிட்ட பின்னரே நோயாளிகளை எண்ணவும், ஒருவரோடு ஒருவரை ஒப்பிடவும், மருந்தின் பயனை அளக்கவும் இயலும். ஆயினும் பெயர் இன்னொரு வேலையையும் செய்கிறது. ஒரே பெயரின்கீழ் வைக்கப்பட்ட நோய்கள் ஒரே மருந்துக்கு உரியன எனும் எண்ணத்தை அது எளிதில் தோற்றுவித்துவிடுகிறது. குழந்தைகளின் ஒவ்வாமைத் தோலழற்சிக்குக் கூருணர்வு நீக்க ஊசி போடப்பட்ட வரலாறு இவ்விரண்டாம் செயலுக்குத் தக்க சான்றாகும்.

ஒவ்வாமைத் தோலழற்சி பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்தில் கன்னங்களிலும் நெற்றியிலும் தொடங்கி, வளர வளர முழங்கை மடிப்புக்கும் முழங்கால் பின்மடிப்புக்கும் இடம்பெயரும். கடும் அரிப்பு, சிவப்பு, நீர்க்கசிவு, நாள்பட்ட நிலையில் தோல் தடித்தல் ஆகியன இதன் அடையாளங்கள். குழந்தையின் உறக்கமும் வீட்டாரின் உறக்கமும் ஒருங்கே கெடுவதால் இது குடும்பத்தின் நோயும் ஆகிறது. தமிழகத்தில் ‘கரப்பான்’ எனும் பொதுப்பெயரால் வழங்கப்படும் தோல் நோய்களுள் இதுவும் அடங்கும். நோய் தானே ஏறியும் இறங்கியும் வருவது, பல குழந்தைகளுக்கு வளர்பருவத்தில் பெரிதும் தணிந்துவிடுவது எனும் இரு இயல்புகள் இக்கட்டுரையின் வாதத்திற்கு இன்றியமையாதவை. இத்தகைய நோயில் எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது பயன் தந்ததுபோல் தோன்றும் வாய்ப்பு மிகுதி.

புல்லின் மகரந்தமும் முதல் ஊசியும்

கூருணர்வு நீக்க ஊசியின் தோற்றம் தோல் நோயில் இல்லை. இலண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் 1819இல், தம்மையே நோயாளியாகக் கொண்டு, கோடைதோறும் கண்ணையும் மார்பையும் வருத்திய ஒரு நோயை விவரித்தார். பின்னர் வைக்கோல் காய்ச்சல் என அறியப்பட்டது அதுவே. மான்செஸ்டரில் மருத்துவம் செய்த சார்லஸ் பிளாக்லி, புல்லின் மகரந்தமே அதற்குக் காரணம் என்பதைத் தம் உடலில் செய்த சோதனைகளால் காட்டி 1873இல் நூலாக வெளியிட்டார். தோலைச் சிறிதே கீறி மகரந்தத்தை வைத்தபோது அவ்விடம் தடித்ததையும் அவர் பதிவுசெய்தார். இன்றைய தோல் சோதனைக்கு அதுவே முன்னோடி.

1911 ஜூன் மாதம் ‘தி லான்செட்’ இதழில் லெனார்ட் நூனின் கட்டுரை வெளிவந்தது. நூன், இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஆல்ம்ரோத் ரைட் தலைமையில் இயங்கிய தடுப்பூசித் துறையில் பணியாற்றியவர். திமோதிப் புல்லின் மகரந்தச் சாற்றை அளந்து ஊசியாகச் செலுத்திய அவர், ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு மகரந்தத்திலிருந்து கிடைக்கும் சாற்றை ஓர் அலகாகக் கொண்டார். நோயாளியின் கண்ணில் சாற்றைத் துளியாக விட்டு, எந்த அளவில் கண் சிவக்கிறது என்பதைக் கொண்டு முன்னேற்றத்தை அளந்தார். தக்க இடைவெளியில் தக்க அளவு தந்தால் தாங்கும் திறன் நூறு மடங்கேனும் கூடும் என்றும், அளவோ விரைவோ மிகுந்தால் கூருணர்வு முன்னிலும் கூடிவிடும் என்றும் கண்டார்.

மகரந்தத்தில் ஒரு நச்சு உண்டு, ஊசியால் உடல் அதற்கு மாற்று நச்சை ஆக்குகிறது என்பதே நூனின் கருத்து. தொற்றுநோய்த் தடுப்பூசியை ஒட்டி எழுந்த அக்கருத்து பின்னர் நிலைக்கவில்லை. எனினும் அளக்கும் முறை நிலைத்தது. நூன் காசநோயால் 1913இல் மறைந்த பின் அவருடைய உடனுழைப்பாளர் ஜான் ஃப்ரீமன் பணியைத் தொடர்ந்து, முதல் மூன்று ஆண்டுகளின் முடிவுகளை 1914இல் வெளியிட்டார்.

இங்கு நூன் எடுத்துக்கொண்ட நோயின் தன்மை கருதத்தக்கது. காரணம் ஒன்று: புல்லின் மகரந்தம். காலம் ஒன்று: புல் பூக்கும் பருவம். மகரந்தம் பட்ட சில நிமிடங்களில் கண் சிவக்கும், மூக்கு ஒழுகும். ஆகவே மருந்து பயன் தந்ததா இல்லையா என்பதை அடுத்த கோடையில் ஓரளவு காணலாம். குழந்தையின் தோலழற்சிக்கு இம்மூன்றில் ஒன்றும் முழுமையாகப் பொருந்தாது.

‘அட்டோபி’ எனும் பெயரின் பிறப்பு

‘அலர்ஜி’ எனும் சொல்லை 1906இல் ஆக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. கிரேக்க மொழியில் அதன் பொருள் ‘மாறிய வினை’ என்பதாகும். ஒரு பொருளை முன்பே சந்தித்த உடல், மறுமுறை சந்திக்கும்போது வேறுவகையில் வினைபுரியும் எனும் விரிந்த கருத்தை அவர் அச்சொல்லில் வைத்தார். தமிழில் அதற்கு ஈடாக நிலைத்த ‘ஒவ்வாமை’ பொருளுக்கும் உடலுக்கும் உள்ள இணக்கமின்மையைச் சுட்டுகிறது. இரு சொற்களும் ஒன்றையே குறிப்பினும், கிரேக்கச் சொல் மாற்றத்தையும் தமிழ்ச்சொல் பொருந்தாமையையும் முன்னிறுத்துவது நோக்கத்தக்கது.

அமெரிக்காவில் இராபர்ட் குக், வான்டர் வீர் ஆகியோர் 1916இல் 504 நோயாளிகளின் குடும்ப வரலாற்றைத் தொகுத்து, இக்கூருணர்வு மரபுவழி வருவது எனக் காட்டினர். 1923இல் ஆர்தர் கோக்காவும் குக்கும் இம்மரபுவழிக் கூருணர்வுக்குத் தனிப்பெயர் தேடினர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் எட்வர்ட் பெர்ரி தந்த சொல் ‘அட்டோபி’. ‘இடமற்றது’, ‘வழக்கத்திற்கு மாறானது’ என்பன அதன் பொருள். அப்பெயரின்கீழ் அவ்விருவரும் முதலில் வைத்தவை வைக்கோல் காய்ச்சலும் ஆஸ்துமாவுமே. தோல் நோய் பின்னர்ச் சேர்ந்தது.

அச்சேர்க்கைக்கு முன்வரலாறு உண்டு. பாரிஸ் தோல் மருத்துவர் எர்னெஸ்ட் பெஸ்னியே 1892இலேயே, அரிப்போடு கூடிய நாள்பட்ட தோலழற்சி சில குடும்பங்களில் தொடர்வதையும், அவர்களிடம் ஆஸ்துமாவும் வைக்கோல் காய்ச்சலும் காணப்படுவதையும் குறித்திருந்தார். நியூயார்க்கின் ஃப்ரெட் வைஸ், மேரியன் சல்ஸ்பெர்கர் ஆகிய இரு தோல் மருத்துவர்கள் 1933இல் இந்நோயை ‘அட்டோபிக் தோலழற்சி’ என அழைத்தனர். இன்று மருத்துவ நூல்களில் வழங்குவதும் அப்பெயரே.

இப்பெயரீடு பிழையானதன்று. மூன்று நோய்களும் ஒரே குடும்பத்தில், பல வேளைகளில் ஒரே குழந்தையிடம் அடுத்தடுத்துத் தோன்றுவது மெய்யே. ஆனால் உறவு என்பது ஒன்றாதல் அன்று. ஒரே வீட்டில் பிறந்தோர் ஒரே இயல்பினர் ஆகார். பெயர் காட்டியது நோய்களின் மரபுறவை. அப்பெயரைப் பயன்படுத்தியோர் பலர் அதனைக் காரண ஒற்றுமையாகக் கொண்டனர்.

ஊசி தோலுக்கு வந்த வழி

குழந்தைகளின் எக்சிமாவுக்கும் உணவு முதலிய புரதங்களுக்கும் தொடர்பு தேடும் முயற்சி 1910களில் வலுப்பெற்றது. நியூயார்க் குழந்தை மருத்துவர் ஆஸ்கர் ஷ்லாஸ் 1912இல், முட்டை முதலிய உணவுகள் ஒவ்வாத ஒரு சிறுவனிடம் தோல் கீறல் சோதனையைக் கையாண்டு முடிவுகளை வெளியிட்டார். எக்சிமா உள்ள குழந்தைகளிடம் இச்சோதனை பெருமளவு நேர்முடிவு தருவதைக் கென்னத் பிளாக்ஃபன் 1916இல் காட்டினார். உணவல்லாத புரதங்களும் எக்சிமாவைத் தூண்டக்கூடும் என்று பாஸ்டனின் சாண்ட்லர் வாக்கர் 1918இல் எழுதினார். வீட்டுத்தூசியின் சாற்றை ஆஸ்துமாவுக்குக் காரணமாக 1922இல் முன்வைத்தவர் குக்.

இச்செய்திகள் ஒன்றுசேர்ந்தபோது ஒரு தருக்கம் உருவாயிற்று. எக்சிமாக் குழந்தையின் தோல் தூசிச் சாற்றுக்குத் தடிக்கிறது. ஆகவே தூசியே நோய்க்குக் காரணம். வைக்கோல் காய்ச்சலில் காரணப்பொருளை ஊசியாகத் தந்தால் பயன் உண்டு. ஆகவே எக்சிமாவிலும் தரலாம். இதன் முதற்படியே ஐயத்திற்குரியது. தோல் சோதனை காட்டுவது உடல் அப்பொருளை அறிந்துள்ளது என்பதை மட்டுமே. அப்பொருள்தான் தோலழற்சியை உண்டாக்குகிறது என்பதை அது நிறுவாது. வெப்பம், வியர்வை, கம்பளி ஆடை, சோப்பு, தோலில் குடியேறும் நுண்ணுயிர் எனப் பலவும் அரிப்பைத் தூண்டுகின்றன. தோல் சோதனையிலும் குருதிச் சோதனையிலும் எந்த ஒவ்வாமையும் தென்படாத எக்சிமாக் குழந்தைகளும் உளர்.

எனினும் அக்காலத்து மருத்துவரை இன்றைய அறிவு கொண்டு குறைகூறுதல் வரலாற்று முறையன்று. தாரும் துத்தநாகக் களிம்பும் தவிர அவர்களிடம் வேறு மருந்து அரிது. சொறியாதபடி குழந்தையின் கைகளுக்கு உறையிட்டும் முழங்கை மடங்காதபடி சிம்பு கட்டியும் வைத்த காலம் அது. காரணத்தையே நீக்குவதாக உறுதிகூறிய ஊசி அச்சூழலில் ஈர்ப்புடையதாக இருந்தது வியப்பன்று. அதேவேளை தோல் மருத்துவருள் பலர் இதனை ஐயத்தோடே நோக்கினர். ஊசிக்குப் பின் தோலழற்சி சிலரிடம் கூடியதும் அதற்கு ஒரு காரணம்.

இரு திருப்பங்கள்: 1952, 1954

1950களின் தொடக்கத்தில் நிகழ்ந்த இரு செயல்கள் இவ்வரலாற்றை மாற்றின. முதலாவது, தோலழற்சிக்குப் பெயரிட்ட அதே சல்ஸ்பெர்கர், விட்டன் என்பாருடன் இணைந்து 1952இல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பின் பயனைக் காட்டியது. காரணம் எதுவாயினும் அழற்சியை நேரடியாகத் தணிக்கும் மேற்பூச்சு மருந்து அப்போதே கிடைத்தது. பெயர் ஒவ்வாமையைச் சுட்ட, பெயரிட்டவர் கண்ட மருந்தோ ஒவ்வாப்பொருளைத் தேடாமலே பயன் தந்தது. தோல் மருத்துவம் பெரிதும் களிம்பின் வழியிலும், ஒவ்வாமை மருத்துவம் ஊசியின் வழியிலும் பிரிந்து நடக்க இது இடமளித்தது.

இரண்டாவது, செயின்ட் மேரி மருத்துவமனையில் வில்லியம் ஃபிராங்க்லேண்டும் ரோசா அகஸ்டினும் நடத்தி 1954இல் வெளியிட்ட சோதனை. கோடை வைக்கோல் காய்ச்சலும் ஆஸ்துமாவும் உடையோருக்கு மகரந்தத்தின் முழுச்சாறு, அதன் முதன்மைப் புரதம், புரதம் நீக்கிய சாறு, மருந்தற்ற நீர்மம் என வேறுவேறு ஊசிகள் தரப்பட்டன. யாருக்கு எது தரப்பட்டது என்பது முடிவை மதிப்பிடும்வரை மறைக்கப்பட்டது. புரதம் உள்ள ஊசிகளே தெளிவான பயன் தந்தன. நூனின் கட்டுரைக்கும் இச்சோதனைக்கும் இடையே 43 ஆண்டுகள் கடந்திருந்தன.

வைக்கோல் காய்ச்சலுக்குக் கிடைத்த இச்சான்று தோலழற்சிக்கு உரியதன்று. அந்நோய்க்கெனத் தனிச்சோதனை தேவைப்பட்டது. மருந்துப்போலியோடு ஒப்பிட்ட முயற்சி ஒன்றைக் காஃப்மனும் ரோத்தும் 1974இல் வெளியிட்டனர். படிகாரச் சேர்மத்தோடு படியவைத்த சாற்றைச் செலுத்திய அவர்கள், ஊசி பெற்றோரிடம் கூடுதல் முன்னேற்றம் கண்டனர். ஆயினும் பங்கேற்றோர் தொகை சிறிது. யாரை இந்நோயாளர் எனக் கொள்வது என்பதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோலும் அப்போது இல்லை. ஹனிஃபினும் ராய்க்காவும் அத்தகைய வரையறையைத் தந்தது 1980இல். நோயின் கடுமையை எண்ணால் அளக்கும் ஸ்கோராட் முறையை ஐரோப்பிய வல்லுநர் குழு வெளியிட்டது 1993இல். நூன் முதல் ஊசியைப் போடும்முன்பே தம் அளவுகோலை ஆக்கிக்கொண்டார். தோலழற்சியிலோ ஊசி வந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே அளவுகோல் வந்தது.

தூசியிலிருந்து உண்ணிக்கு

வீட்டுத்தூசி என்பது பஞ்சு, மயிர், பூஞ்சை, உதிர்ந்த தோல் எனப் பலவற்றின் கலவை. அதன் சாறும் அவ்வாறே வீட்டுக்கு வீடு வேறுபட்டது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் 1960களில், தூசியின் ஒவ்வாமைத் திறனுக்கு முதன்மைக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத ஓர் உண்ணி எனக் கண்டனர். மனித உடலிலிருந்து உதிரும் தோற்செதிள்களை உண்டு மெத்தையிலும் தலையணையிலும் வாழும் அவ்வுயிரின் கழிவே ஒவ்வாப்பொருளின் பெரும்பகுதி. அதே பத்தாண்டின் இறுதியில் இஷிசாகா இணையர் அமெரிக்காவிலும், யோஹான்சனும் பென்னிச்சும் சுவீடனிலும் தனித்தனியே கண்ட எதிர்ப்பொருளுக்கு 1968இல் ஐஜிஇ எனும் பெயர் இடப்பட்டது.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் ஊசிக்குப் புத்துயிர் தந்தன. தூசிக்கு மாற்றாக உண்ணியின் சாற்றைச் சீராக்கி அளந்து தர இயன்றது. எந்தக் குழந்தைக்கு எதன்மீது ஒவ்வாமை என்பதைக் குருதியிலும் அளக்க முடிந்தது. தோலழற்சியுள்ள பல குழந்தைகளிடம் ஐஜிஇ மிகுந்திருந்தமை ‘அட்டோபி’ எனும் பெயருக்கு வேதியியல் அடையாளம் கிடைத்ததுபோல் தோன்றச் செய்தது. ஆனால் அளக்க முடிந்ததாலேயே அது காரணமாகிவிடாது எனும் பழைய வினா விடையின்றியே இருந்தது.

இருபத்தாறு உயிர்கள்

உடல் ஒவ்வாத பொருளையே உடலுக்குள் செலுத்துவது ஊசியின் அடிப்படை. எனவே இடர் அதனுள்ளேயே இருக்கிறது. ஊசி போட்ட இடத்தில் வீக்கம் இயல்பு. அரிதாக உடல் முழுதும் தடித்தல், மூச்சுக்குழல் சுருங்குதல், குருதியழுத்தம் வீழ்தல் எனும் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி நேரலாம். இவ்வதிர்ச்சியை ரிஷேயும் போர்ட்டியேயும் 1902இலேயே விலங்குச் சோதனையில் விவரித்திருந்தனர்.

பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1986இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 1957 முதல் அந்நாட்டில் கூருணர்வு நீக்க ஊசியால் 26 பேர் இறந்ததாக அதில் கூறப்பட்டது. உயிர்காக்கும் கருவிகள் உள்ள இடத்தில் மட்டுமே ஊசி போடவேண்டும் என்றும், அதன்பின் நோயாளியை இரண்டு மணிநேரமாவது கண்காணிக்கவேண்டும் என்றும் குழு அறிவுறுத்தியது. பொது மருத்துவரின் அறையில் போடப்பட்டுவந்த ஊசி அந்நாட்டில் பெரும்பாலும் நின்றுபோயிற்று. ஐரோப்பியப் பெருநிலத்திலும் அமெரிக்காவிலும் அது தொடர்ந்தது. ஒரே சான்றை வைத்துக்கொண்டு இருவேறு நாடுகள் இருவேறு முடிவுக்கு வந்ததை இங்குக் காணலாம்.

குழந்தையின் தோலழற்சியைப் பொறுத்தவரை இவ்வெச்சரிக்கையின் பொருள் இன்னும் கூர்மையானது. தோலழற்சி வருத்தும் நோய். ஆனால் பொதுவாக உயிரைப் பறிக்கும் நோய் அன்று. இடர் சிறிதெனினும், பயன் நிறுவப்படாதபோது அச்சிறிய இடரையும் குழந்தையின்மீது ஏற்றுவது தகுமா எனும் வினா தவிர்க்க இயலாததாயிற்று.

குழந்தைகளிடம் செய்த சோதனை: 1992

இவ்வினாவை நேராக எதிர்கொண்டது, மேரி குளோவரும் டேவிட் ஆதர்டனும் இலண்டனில் நடத்தி 1992இல் வெளியிட்ட சோதனை. தோலழற்சியும் வீட்டுத்தூசி உண்ணிக்கு உடனடிக் கூருணர்வும் உடைய 24 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். முதற்கட்டத்தில் எட்டு மாதம் ஒரு பிரிவுக்கு உண்ணிச் சாறும் மறுபிரிவுக்கு மருந்துப்போலியும் ஊசியாகத் தரப்பட்டன. எது எவருக்கு என்பதை மருத்துவரும் அறியார், குழந்தையும் அறியாது.

எட்டு மாத முடிவில் இரு பிரிவுக்கும் இடையே வேறுபாடு இல்லை. மருந்துப்போலி பெற்ற குழந்தைகளும் பெரிதும் தேறியிருந்தனர். இரண்டாம் கட்டத்தில், உண்ணிச் சாறு பெற்ற குழந்தைகளுள் சிலருக்கு மேலும் ஆறு மாதம் அதுவே தொடரப்பட்டது. ஏனையோருக்கு மருந்துப்போலி தரப்பட்டது. தொடர்ந்து சாறு பெற்றோர் சற்று மேலான நிலையில் இருந்தனர். ஆனால் எண்ணிக்கை மிகச் சிறிதாதலின் உறுதியான முடிவுக்கு வர இயலாது என ஆய்வாளர்களே கூறினர்.

இச்சோதனையின் வரலாற்று மதிப்பு அதன் முடிவில் மட்டும் இல்லை. மருந்துப்போலி பெற்ற பிரிவு தேறியதே அது அளிக்கும் முதன்மைச் செய்தி. முறையான கண்காணிப்பு, ஒழுங்கான களிம்புப் பூச்சு, நோயின் இயல்பான ஏற்ற இறக்கம் ஆகியவற்றாலேயே குழந்தைகள் தேறக்கூடும் என்றால், அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் ‘ஊசியால் குணமாயிற்று’ எனப் பதிவான தனித்தனி நிகழ்வுகளின் சான்று வலு என்ன என்பதை மறுபடியும் எண்ணவேண்டியதாகிறது. பிள்ளைக்கு நலமாயிற்று என்று சொன்ன பெற்றோர் பொய் கூறவில்லை. நலம் மெய்யே, அதற்கு ஊசி காரணமா என்பதே நிறுவப்படாதது.

வயதுவந்தோரின் சான்றும் குழந்தைகளும்

2000க்குப் பின் சோதனைகள் பெருகின. 2006இல் ஜெர்மனியின் தாமஸ் வெர்ஃபெல் குழுவினர் வயதுவந்த 89 பேரிடம் உண்ணிச் சாற்றை மூன்று வெவ்வேறு அளவுகளில் ஓராண்டு செலுத்தினர். அளவு கூடியவர்களிடம் தோலழற்சி கூடுதலாகத் தணிந்தது. ஆயினும் ஒப்பீட்டுக்குரிய பிரிவுக்குத் தரப்பட்டது மருந்துப்போலி அன்று. மிகக் குறைந்த அளவுச் சாறு. 2012இல் நடாலியா நோவாக் குழுவினர் வயதுவந்த 168 பேரிடம் நடத்திய சோதனையில் ஒட்டுமொத்த வேறுபாடு நிறுவப்படவில்லை. கடுமையான நோயுடையோரிடம் மட்டுமே பயன் தென்பட்டது.

குழந்தைகளிடம் இக்காலத்தில் நடந்த குறிப்பிடத்தக்க சோதனை ஊசியால் ஆனதன்று. இத்தாலியின் பஜ்னோ குழுவினர் 2007இல், 5 முதல் 16 வயது வரையான 56 குழந்தைகளுக்கு நாவடியில் விடும் துளியாக உண்ணிச் சாற்றைத் தந்தனர். அதில் பயன் பெற்றோர் இலேசான, நடுத்தர நோயுடையோர். கடும் நோயுடைய குழந்தைகளுக்குப் பெரும்பயன் இல்லை. நோவாக்கின் முடிவோடு ஒப்பிட்டால் இது தலைகீழ். பெரியோரிடம் கடும் நோய்க்குப் பயன். சிறியோரிடம் இலேசான நோய்க்குப் பயன். செலுத்தும் வழியும் சாறும் வேறாயினும், பெரியவரின் சான்றைக் குழந்தைக்கு அப்படியே எடுத்துச்செல்ல இயலாது என்பதை இவ்வொப்பீடு தெளிவாக்குகிறது.

தொகுப்பாய்வுகளும் ஒருமித்துப் பேசவில்லை. 2016இல் வெளியான காக்ரன் தொகுப்பாய்வு 733 பேர் பங்கேற்ற 12 சோதனைகளை ஆராய்ந்து, சான்றின் தரம் தாழ்ந்தது, பயன் உறுதியாகவில்லை என்றது. 2023இல் வெளியான மற்றொன்று 1,957 பேரை உள்ளடக்கிய 23 சோதனைகளைச் சேர்த்து, உண்ணிச் சாறு நோயின் கடுமையைக் குறைக்கக்கூடும் என நடுத்தர உறுதியோடு கூறியது. அதனையொட்டி அமெரிக்க ஒவ்வாமை அமைப்புகளின் கூட்டு வழிகாட்டுதல், களிம்புகளுக்கு அடங்காத நடுத்தர, கடும் நோயுடையோருக்கு இம்மருத்துவத்தை நிபந்தனையுடன் பரிந்துரைத்தது. இலேசான நோய்க்குப் பரிந்துரைக்கவில்லை. முழு மறுப்பும் முழு ஏற்பும் இல்லாத இந்நிலையே இன்றைய நிலை.

தோல் எனும் அரண்

சோதனைகள் பயனை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில் காரணம் பற்றிய கொள்கையும் மாறிற்று. 2006இல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய பன்னாட்டு ஆய்வு, ஃபிலாக்ரின் எனும் தோற்புரதத்தின் மரபணு மாற்றம் தோலழற்சிக்கு வலுவான முன்காரணம் என நிறுவியது. அப்புரதம் குறைந்தால் தோலின் மேலடுக்கு ஈரத்தை இழந்து, வெளிப்பொருள்களுக்கு வழிவிடுகிறது. எனவே ஒவ்வாமை முதலிலும் தோலழற்சி பின்னும் என்றிருந்த வரிசையைத் திருப்பி எண்ண இடம் ஏற்பட்டது. பல குழந்தைகளிடம் தோலின் அரண் முதலில் தளர்கிறது. தளர்ந்த வழியே நுழைந்த பொருளுக்குப் பின்னர் ஒவ்வாமை உண்டாகிறது.

இக்கருத்தை ஒட்டி இலண்டனில் கிடியன் லாக் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனை இங்கு நினைக்கத்தக்கது. கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ உடைய 640 கைக்குழந்தைகளுள் ஒரு பிரிவினர் நிலக்கடலை உணவைத் தொடக்கத்திலேயே உண்டனர், மறுபிரிவினர் தவிர்த்தனர். ஐந்து வயதில், உண்டவர்களிடமே நிலக்கடலை ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்தது. தோல்வழி நுழையும் பொருள் பகையாகவும், வாய்வழி செல்லும் அதே பொருள் உறவாகவும் ஆகக்கூடும் என்பது இதனால் வலுப்பெற்றது. சிறிது சிறிதாகத் தந்து பழக்குதல் எனும் நூனின் எண்ணம் முற்றிலும் பொய்க்கவில்லை. எந்த வழியில், எந்த வயதில், எந்த நோய்க்கு எனும் வினாக்களே அதன் எல்லையை வரைகின்றன.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, கூருணர்வு நீக்க ஊசி ஒற்றைக் காரணமும் ஒற்றைப் பருவமும் உடைய நோய்க்கெனப் பிறந்தது. பல காரணங்கள் உடைய குழந்தையின் தோலழற்சிக்கு அது வந்தது அந்நோயில் செய்த சோதனையால் அன்று. இரு நோய்களையும் ஓரினமாக்கிய பெயராலும், தோல் சோதனையைக் காரணச் சான்றாகக் கொண்ட தருக்கத்தாலும் ஆகும். இரண்டாவது, பெயர் 1933இலும் மருந்துப்போலியோடு குழந்தைகளிடம் செய்த குறிப்பிடத்தக்க ஊசிச் சோதனை 1992இலும் வந்தன. இடைப்பட்ட 59 ஆண்டுகளில் ஊசி பெற்ற குழந்தைகள், நிறுவப்படாத பயனுக்காக நிறுவப்பட்ட ஓர் இடரை ஏற்றவர்கள். மூன்றாவது, அச்சோதனையில் மருந்துப்போலி பெற்ற குழந்தைகள் தேறியது, தானே தணியும் நோயில் தனிமனித அனுபவம் எவ்வளவு உண்மையானதாயினும் சான்றாகாது என்பதை உணர்த்துகிறது.

இவற்றால் இம்மருத்துவம் பயனற்றது என முடிவு கொள்ளுதல் பொருந்தாது. 2023ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு அதற்கு ஓர் இடம் உண்டு எனக் காட்டுகிறது. ஆனால் அவ்விடம் உண்ணி ஒவ்வாமை நிறுவப்பட்ட, பிற மருந்துகளுக்கு அடங்காத நோயாளருக்குரிய குறுகிய இடம். ‘அட்டோபி’ எனும் பெயர் காட்டிய விரிந்த வெளி அன்று. தமிழில் ‘கரப்பான்’ எனும் ஒரே சொல்லின்கீழ் பல தோல் நோய்கள் வழங்குவதும், ‘ஒவ்வாமை’ எனும் சொல் அன்றாடப் பேச்சில் எல்லா அரிப்புக்கும் காரணமாகச் சொல்லப்படுவதும் இதே வினாவை இங்கும் எழுப்புகின்றன. மருத்துவத் தமிழில் சொல்லாக்கம் செய்வோர் ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதோடு எவற்றை ஒன்றாக்கிவிடுகிறது என்பதையும் கருதவேண்டும் என்பதை இவ்வரலாறு வலியுறுத்துகிறது.